மாயவனின் மடக்குத் தாங்கி

பொம்மிடியில் வெள்ளையடிக்கிற மாயவன் என்றால் எல்லோருக்கும் தெரியும். படம் போடுகிற மாயவன் என்றால் ஒருத்தருக்கும் தெரியாது. சுண்ணாம்பு காய்ந்த சுவரோரம் ஒரு கிளியையோ மாட்டையோ எழுதிவிட்டு வருவான். அடுத்த பொங்கலுக்கு அவனையே கூப்பிட்டு அதன்மேல் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வார்கள். வயிறு எரியுமா எரியாதா?

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த நாற்பத்தொன்றாம் வருஷம். அரூர்ப் பக்கத்து மிட்டாதார் ஒருவருக்குத் தன் மயிலைக் காளைமேல் கொள்ளை ஆசை. "மேயற எடத்துலயே வெச்சு, பலகையில எழுதித் தா. நல்லாருந்தா கூடத்துல மாட்டறேன். இல்லேன்னா நீ சுண்ணாம்புச் சட்டியோடவே கெட" என்று மாயவனிடம் சொல்லிவிட்டார்.

பலகையை மடியில் வைத்து எழுதிப் பார்த்தான். முழங்கை பட்டுச் சாயம் கலைந்தது. பலகை சுவர்போல் நிமிர்ந்து நிற்க ஒரு தாங்கி வேண்டும். முன்பு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு வெள்ளைக்காரர் மூன்று கால் தாங்கியை விரித்து மலையை வரைந்ததையும், ரயில் வந்ததும் அதை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறியதையும் பார்த்திருந்தான். அந்த ஞாபகத்தில் வீட்டிலிருந்த உடைந்த கட்டிலைப் பிரித்து, சட்டங்களை இழைத்துக் கால் செய்தான். மடக்குவதற்குக் கீல்தான் கடையில் கிடைக்கவில்லை. இரும்பெல்லாம் சண்டைக்குப் போய்விட்டது. மனைவி நஞ்சம்மாள் தன் கல்யாணப் பெட்டியை இழுத்து முன்னால் போட்டாள்.

"மூடியில ரெண்டு இருக்குது, கழட்டிக்கோங்க. உள்ள என்ன தங்கமா கொட்டிக் கெடக்குது?"

முன்னால் இரண்டு கால், பின்னால் நடுவில் இரண்டு கீலோடும் ஒன்று மாட்டினான். அக்கா முனியம்மாள் பார்த்ததும் முகம் சுளித்தாள். "மூணு ஆகாதுடா தம்பி. களி உருண்டைகூட மூணா வெக்க மாட்டோம். நல்ல காரியத்துக்குப் போற, நாலா வெய்யி." அவள் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. கீலுக்கு ஒன்றாகப் பின்னாலும் இரண்டு கால் மாட்டினான். சாணி மெழுகிய தரையில் அது கல்லாட்டம் நின்றது.

மிட்டாதாரின் மேய்ச்சல் காடோ மேடும் பள்ளமும். தாங்கியை விரித்தால் ஒரு கால் அந்தரத்தில் தொங்கியது. கல்லை முட்டுக் கொடுத்தால் இன்னொன்று எழும்பியது. தூரிகை பட்டதும் பலகை ஆடி, காளையின் காது கொம்போடு போய் ஒட்டிக்கொண்டது. மாட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஏண்டா, காளையப் பாத்து உந் தாங்கிக்குக் கிலி புடிச்சுக்கிச்சா? போதும், கெளம்பு" என்றார் மிட்டாதார்.

"செத்த இருங்க சாமி."

மாயவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் கோபம், அக்காமேல் கோபம், அவள் பேச்சைக் கேட்ட தன்மேல் அதைவிடக் கோபம். கத்தி நுனியால் திருகாணிகளைக் கழற்றி, ஒரு பின்காலை வேலிக்கு அப்பால் வீசினான். மற்றதை நடுவில், பழைய துளைகளிலேயே இரண்டு கீலோடும் முடுக்கினான். மூன்று காலும் தனக்குத் தனக்கென்று ஒரு பள்ளம் பார்த்து உட்கார்ந்துகொண்டன. அமுக்கிப் பார்த்தான், அசையவில்லை.

அப்புறம் பொழுது சாயும்வரை அவன் பலகையை விட்டு நகரவில்லை. காதைத் துடைத்துத் திரும்ப எழுதினான். திமில் எழுந்தது, கழுத்துக்கடியில் அலைதாடி தொங்கியது, கண் திறந்தது. சிரித்தவர்களில் ஒருவன் கிட்டே வந்து, "மொறைக்குதுங்க" என்று ஓரடி பின்வாங்கினான். மிட்டாதார் பலகையைப் பார்த்தார், காளையைப் பார்த்தார், மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

"கீழ உம் பேர எழுது. கூடத்துக்கு வர்றவங்க கேப்பாங்கல்ல."

வெள்ளையடித்தவன் பேரை எந்தச் சுவரில் எழுதியிருக்கிறார்கள்? காளையின் குளம்பைவிடப் பெரிய எழுத்தில் மாயவன் தன் பேரை எழுதினான். சின்னதாக எழுது என்று யாரும் சொல்லவில்லை.