எனக்காக வியர்த்தவர்

கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது வாசுகி அழைத்தாள். “அங்கிள், அப்பா விடியக்காலையில தூக்கத்துலயே போயிட்டாரு.” தனபாலசிங்கம் அண்ணன் இனி இல்லை. பாதி தூக்கிய ஷட்டரை இறக்கிவிட்டுப் பொங்கோலில் இருக்கும் அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

வானிலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் “இன்னைக்கு வெயில் ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டுத் தப்பியவர் எங்களில் யாருமில்லை. “வெயிலைச் சொல்றீங்களா, உடம்புக்குத் தெரியிறதைச் சொல்றீங்களா?” என்று பிடித்துக்கொள்வார்.

தமிழ்நாட்டிலிருந்து தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர்களை நான் இறக்கியிருந்த நேரம். மின்விசிறி வாங்க வந்தவர், மறுநாள் இரண்டு வெப்பமானிகளோடு வந்து கடை வாசலில் தொங்கவிட்டார். ஒன்றின் அடியில் ஈரத்துணி.

“துணி காயக் காயத்தான் இது இறங்கும். பாருங்க, ரெண்டும் கிட்டக் கிட்ட நிக்குது. இந்த ஊர் காத்துல ஏற்கெனவே அவ்வளவு ஈரம். நம்ம வேர்வையே காயாது, உங்க கூலர் என்ன செய்யும் தம்பி?”

“உங்க கண்ணாடிக் குழாய்க்கு வேர்க்குதாண்ணே? வர்ற கஸ்டமரை விரட்டாதீங்க லா!”

“வேர்க்காது. அதனாலதான் துணி சுத்தியிருக்கேன்.”

அவர் சொன்னதே நடந்தது. சரக்கு தேங்கியது. பிறகு முழங்கால் வலியால் அவர் வீட்டோடு முடங்கியபோது, ஒரு கூலரை நானே சுமந்துபோய் அன்பளிப்பு என்றேன். விற்காத சரக்கு என்பது அவருக்குத் தெரியாதா என்ன? சிரித்துக்கொண்டே கூடத்தில் வைக்கச் சொன்னார்.

ஞாயிறுதோறும் போவேன். கூலர் ஓடிக்கொண்டிருக்கும். “ஜன்னலைச் சாத்தும்மா, குளிர்ச்சி வெளியே போயிடும்” என்று வாசுகியிடம் அதிகாரம் வேறு செய்வேன். “எப்படிண்ணே இருக்கு?” என்றால், “நல்லாத்தான் இருக்கு தம்பி” என்பார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குப் பிடித்திருக்கிறதே என்று இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவேன்.

அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோது வாசுகி சொன்னாள்: “நீங்க வர்ற அன்னைக்கு மட்டும் அப்பா ஏர்கானை நிறுத்திடுவாரு அங்கிள். கீழே வந்துட்டேன்னு உங்க மெசேஜ் வந்ததும் கூலரைப் போடச் சொல்வாரு. நீங்க போனதும் சட்டை மாத்துவாரு.”

“நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

“விடல. ‘பாவம், அவரே தூக்கிட்டு வந்தாரு’ன்னுட்டாரு.”

அளவில் அரைப் புள்ளிகூட விட்டுக்கொடுக்காத மனிதர், என் மனம் நோகக் கூடாதென்று மூடிய கூடத்தில் புழுங்கியிருக்கிறார். ஜன்னலைச் சாத்தச் சொன்னது நான். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

வாசுகி அந்த இரண்டு வெப்பமானிகளையும் என்னிடம் கொடுத்துவிட்டாள். இப்போது கல்லாவுக்குப் பின்னால் தொங்குகின்றன. நேற்று புக்கிட் பாத்தோக்கிலிருந்து வந்த பெண் தன் அம்மா அறைக்குக் கூலர் கேட்டார். திரும்பிப் பார்த்தேன். இரண்டும் கிட்டக் கிட்ட நின்றன. “வேணாம்மா, ஜன்னலைத் திறந்து வச்சு ஃபேன் போடுங்க” என்றேன்.

துணி காய்ந்தால் நானே நனைக்கிறேன். கடை ஆட்களைத் தொட விடுவதில்லை.