வேர்க்காத வெயில்

மொரோக்கோவின் தெற்கே, பாலைவன வீதியோரம் ஒரு பெற்றோல் நிலையம். ஒஸ்லோவில் இருந்து மோட்டார்சைக்கிளில் புறப்பட்டுப் பதினோராம் நாள். நான் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, மூடாத கைகளை வெயிலில் நீட்டிக்கொண்டு நிற்கிறேன். வெயிலைக் கண்டால் ஒஸ்லோவில் எல்லோரும் செய்வது அதுதான்.

"தண்ணி குடிச்சனீரோ?" பெற்றோல் அடித்தபடி கணவர் கேட்கிறார்.

"எனக்கு வேர்க்கவே இல்லை. பிறகேன் தண்ணி?"

உண்மையில், வழியில் கழிப்பறை இல்லையே என்றுதான் காலையிலிருந்து குடிக்கவில்லை. தலை விண்விண் என்று இடிக்கிறது. ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கும் தங்கச்சியிடம் விட்டுவந்த இரண்டு வயது மகளின் நினைப்பு வேறு. அடுத்த பட்டினத்தில் விமானம் ஏறித் திரும்பிவிடலாமோ?

நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடைக்காரப் பெண்ணுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிகிறது. என் முகத்தை உற்றுப் பார்த்துத் தண்ணீரை நீட்டுகிறாள். வேர்க்கவில்லை, வேண்டாம் என்கிறேன்.

"வேர்க்கவில்லையா? கையை நக்கிப் பார்."

கணவர் பார்க்காத நேரம் நக்கிப் பார்க்கிறேன். கருவாடு மாதிரி உப்பு.

"வேர்வையைக் காற்று குடித்துவிடுகிறது. உனக்குத் தெரிவதில்லை," என்கிறாள். என் சட்டையில் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றுகிறாள். ஈரம் காற்றில் சட்டென்று பறந்துவிடாமல் அதற்கு மேல் ஜாக்கெட்டை மாட்டி, சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிடுகிறாள். குளிர்கிறது! இந்த வெயிலில்!

"பிள்ளை இருக்கிறதா?"

"ஒன்று."

"அப்படியானால் குடி."

மூன்று குவளை குடிக்கிறேன். பிறகு, தயங்கித் தயங்கி, கழிப்பறை எங்கே என்று கேட்கிறேன்.

அவள் கையை அகல விரித்து, பாலைவனம் முழுவதையும் காட்டுகிறாள்.