மழையில்லாமல் ஓடிய பள்ளம்

2006 மே மாதம் ஒரு ஞாயிறு. காலை ஆறரைக்கு அவிநாசிபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். திருப்பூரிலிருந்து டிக்கெட் ஆறு ரூபாய். மழை பெய்தால் மட்டும் ஓடும் ஓடையை இந்தப் பக்கம் பள்ளம் என்கிறார்கள். அப்படி ஒரு பள்ளத்தை அது பிறக்கும் இடத்திலிருந்து நொய்யல் ஆறு வரை நடந்து பார்க்க ஆசை. வேலை வெட்டி இல்லாதவன் ஆசை என்று என் மனைவி சொன்னாள்.

ஊருக்கு வெளியே ஒரு செம்மண் மேடு. வடக்கே விழும் மழை நொய்யலுக்கு, தெற்கே விழுவது அமராவதிக்கு. வடசரிவில் இறங்கினேன். கிளுவை வேலி, காய்ந்த மணல். நாலு கிலோமீட்டருக்கு ஒரு சொட்டு ஈரமில்லை. அப்புறம் தண்ணீர் ஓடியது. ஊதா நிறத்தில், வெதுவெதுப்பாக, நுரைத்துக்கொண்டு. கரையில் ஒரு சாயப்பட்டறையின் குழாய். திகைத்து நின்றுவிட்டேன்.

பத்து மணிக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி. கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் டேங்கர் லாரியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கரையோரத் தோட்டம் ஒன்றில் லாரி கிணற்றுக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

"என்னங்க இது, தலைகீழா இருக்கு?" என்று தோட்டத்துச் சொந்தக்காரரைக் கேட்டேன்.

"பையனுக்குப் பொண்ணு பாத்துட்டு வந்திருக்கமுங்க. இன்னைக்கு அவிய எங்க ஊடு பாக்க வராங்க. கெணத்துத் தண்ணிய வாயில வெச்சுப் பாக்காம பொண்ணு குடுக்க மாட்டாங்க. மூணு எடம் இதனாலயே தட்டிப்போச்சு. சாயத்தண்ணிய நேத்தே எறச்சுப்போட்டனுங்க. நீங்க சொல்லிப்போடாதீங்க சாமி. இருந்து சாப்புட்டுட்டுப் போங்க."

பதினோரு மணிக்கு வெள்ளகோவில் பக்கத்திலிருந்து காரில் வந்தார்கள். பெண்ணின் அப்பா நேராகக் கிணற்றுக்குப் போனார். ஒரு வாளி இறைத்து ஒரு வாய் குடித்தார். தோட்டக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"நல்ல தண்ணிங்க" என்றார் பெண்ணின் அப்பா. வாளியைக் கீழே வைத்துவிட்டு மெல்லக் கேட்டார். "எத்தன லாரிங்க விட்டீங்க?"

தோட்டக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "மூணுங்க."

"நீங்க பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்களுக்கு அஞ்சு ஆச்சுங்க. எங்க தோட்டம் நொய்யக் கரையில. உங்க பள்ளத்துத் தண்ணியும் அங்கதானுங்க வருது."

யாரும் சிரிக்கவில்லை. இருவரும் நாள் குறிக்க உள்ளே போனார்கள். நொய்யல் இன்னும் எட்டு கிலோமீட்டர் என்றார் லாரிக்காரர். எனக்கு அதற்குமேல் நடக்கக் கால் வரவில்லை.