கன்னி மூலைத் தொட்டியும் நாலரை வருடக் கணக்கும்

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். குமாரபாளையத்திலிருந்து சரசு அக்கா போன் செய்தார்.

"ஏனுங்க, சோலார் போட்டா பில்லே வராதுன்னீங்க. இப்ப ரெண்டாயிரம் வந்திருக்குதுங்க. நான் பேங்க் டியூவைக் கட்டறதா, பில்லைக் கட்டறதா?"

நான் சேலத்தில் ஒரு சோலார் கம்பெனியில் சைட் சர்வே பார்த்தவன். மூன்று கிலோவாட், மானியம் போக லட்சத்து இருபதாயிரம், நாலரை வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்று எழுதிக் கொடுத்தவனும் நானே. லாரி ஓட்டும் அவர் கணவர் வேண்டாம் என்று சொல்லியும், அக்கா பிடிவாதமாகத் தன் பெயரில் கடன் வாங்கியிருந்தார். பில்லில் மிச்சமாகும் பணம்தான் தவணைக்கு.

மறுநாளே போனேன். இன்வெர்ட்டர் சரி, வயரிங் சரி. பேனலில் தூசிகூட இல்லை. ஆனால் ஆப்பில் பார்த்தால், தினமும் மதியம் இரண்டு மணிக்கு மேல் உற்பத்தி தொப்பென்று விழுந்தது. அதென்ன இரண்டு மணிக் கணக்கு? எனக்கு மண்டை காய்ந்தது. சரி, பார்த்தே விடுவோம் என்று மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மணி ஆனது. கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், உயரமாகக் கட்டியிருந்த தண்ணீர்த் தொட்டியின் நிழல் மெதுவாக நகர்ந்து வந்து இரண்டு பேனல்களின் மேல் ஏறியது. எல்லாப் பேனல்களையும் ஒரே மின்வரிசையில் கோத்திருந்ததால் மொத்த வரிசையும் படுத்துவிட்டது. நான் சர்வே எடுத்தது வைகாசியில். அப்போது சூரியன் வடக்கே சாய்ந்திருந்தது, நிழல் இந்தப் பக்கமே வரவில்லை. அடப்பாவி, வருடம் முழுக்க வைகாசியா இருக்கும்!

"அக்கா, தொட்டியை மாத்தி வெச்சரலாமுங்களா?"

"கன்னி மூலைல கனம் இருக்கோணும் சாமி. அதை அசைக்கப்படாது."

நிழலைக் காட்டினேன். அக்கா சிரித்துவிட்டார்.

"இதானுங்களா? மார்கழி, தையில மத்தியானத்துக்கு மேல அந்தப் பக்கம் துணியே காயாதுங்களே! பதினஞ்சு வருசமா எனக்குத் தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?"

வெட்கமாகப் போய்விட்டது. சர்வே அன்று கணவரிடம் பில் கேட்டேன், கொத்தனாரிடம் கூரையின் பலம் கேட்டேன். டீ கொண்டு வந்து கொடுத்த அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பேனல்களைக் கழற்றித் தென்கிழக்குக்கு மாற்றினோம். "அக்கினி மூலைல கரண்டு, பொருத்தந்தானுங்க" என்றார் அக்கா. மாற்றும் செலவை முதலாளி என் சம்பளத்தில் பிடித்தார். தப்பு என்னுடையதுதானே. அடுத்த பில் இருநூற்றுச் சொச்சம்தான் வந்தது. தவணையும் தடையில்லாமல் போனது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, அளக்கும் டேப்பை அப்புறம் எடுங்கள். மாடிப்படி ஏறும் முன்னால், "இந்த வீட்டில் துணி காயப்போடுவது யார்?" என்று கேளுங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு மேலே போங்கள்.