தாலாட்டு அக்காவும் எழாத மெஷினும்

ஆபீஸில் அவளுக்குத் தாலாட்டு அக்கா என்று பெயர். பாட்டுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். குளியலறையில் லேசாக முனகினாலே மகள் வந்து கதவைத் தட்டுவாள். மெஷின்களைத் தூங்க வைப்பது அவள் வேலை என்பதால் வந்த பெயர் அது.

ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பத்துப் பதினைந்து விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது மென்பொருளாலேயே ஆன கம்ப்யூட்டர்கள், குடியிருக்கும். அவற்றை மேய்க்கும் வீட்டுக்காரர்தான் ஹைப்பர்வைசர் என்கிற மென்பொருள். வேலையில்லாத மெஷின் அதனிடம், "கொஞ்ச நேரம் தூங்கட்டுமா?" என்று கேட்கும். எதற்குச் சரி என்பது, எதற்கு முடியாது என்பது, தூங்கியதை எப்போது எழுப்புவது என்கிற பகுதியை எழுதியவள் அக்கா. பதினோரு வருஷமாக அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. "முடியாதுன்னா காரணத்தோட முடியாதுன்னு சொல்லணும். பதில் சொல்லாம யாரையும் நிக்க வைக்கக் கூடாது." வீட்டிலும் அதே சட்டம். "உங்கம்மா காரணத்தைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள, கேட்ட ஆசையே போயிடும்," என்பார் அவள் கணவர், மகளிடம்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு சோதனை வந்தது. ஒரு ரத்த வங்கியின் குளிர்பெட்டிகளைக் கண்காணிக்கும் மெஷின், ஆறு வாரத்தில் மூன்று தடவை தூங்கி, எழவேயில்லை. பெட்டிக்குள் சூடு ஏறினால் அலாரம் அடித்து அதை எழுப்ப வேண்டும். அலாரம் அடித்திருக்கிறது, மெஷின் அசையவில்லை. அங்கே வேலை பார்க்கும் டெக்னீஷியன் முதல் தடவை தற்செயலாகக் கவனித்து, அதன்பிறகு பெட்டிக்குக் காவலே இருந்ததால் ரத்தம் கெடாமல் தப்பியது. ஆனால் மெஷினைத் தூங்கும்படி அமைத்தவரும் அவரே என்பதால் பழி அவர் தலையில் விழுந்தது. அக்காவின் ஆபீஸ் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அறிக்கை தர வேண்டும். தப்பு அவர் பக்கம் என்று எழுதினால் அவர் வேலை போய்விடும்.

"அவங்க மெஷின் கேட்டுச்சு, நாம தூங்க வெச்சோம். அப்படியே எழுதிடுங்க," என்றார் மேனேஜர்.

"கேட்டது தப்பா, வெச்சது தப்பான்னு பாத்துட்டு எழுதறேன் சார்."

மெஷின் எழாமல் போன மூன்று நாள்களின் பதிவுகளையும் வரி வரியாகப் படித்தாள். மூன்றிலும் அலாரம் வந்த நொடியும் மெஷின் தூங்கப்போன நொடியும் ஒன்று. அவள் எழுதிய பகுதி, ஏதாவது அலாரம் இருக்கிறதா என்று ஒழுங்காகப் பார்த்துவிட்டுத்தான் மெஷினைத் தூங்க வைக்கும். பார்த்ததற்கும் தூங்க வைத்ததற்கும் நடுவில், கண் இமைப்பதற்கும் குறைந்த நேரத்தில் அலாரம் வந்தால்? மெஷின்தான் விழித்திருக்கிறதே, அதுவே பார்த்துக்கொள்ளும் என்று எழுப்புகிற பகுதி சும்மா இருந்துவிடும். அந்தப் பக்கம் மெஷின் தூங்கிவிடும். தூங்கப்போவதாகக் குறித்த பிறகு இன்னொரு தடவை பார்த்திருக்க வேண்டும். அவள் பார்க்கவில்லை. அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பதினோரு வருஷமா யார் கண்ணுலயும் படாதது. இனிமே யார் கண்டுபிடிக்கப் போறாங்க?" என்றார் மேனேஜர்.

"நான் கண்டுபிடிச்சுட்டேனே சார்."

அறிக்கையில் சுற்றி வளைக்காமல் எழுதினாள்: மெஷின் கேட்ட விதம் சரி, அமைத்தவர் அமைத்ததும் சரி, தூங்க வைத்தது நான், தப்பு என்னுடையது. கூடவே திருத்தத்தையும் அனுப்பினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் டெக்னீஷியன் போன் செய்தார்.

"மேடம், திருத்தினதைப் போட்டு, அது தூங்கப்போற நொடி பாத்து நாப்பது தடவை அலாரம் அடிச்சோம். நாப்பது தடவையும் எந்திரிச்சுடுச்சு. என் வேலையும் தப்பிச்சுது. ஆறு வாரமா இந்தப் பெட்டி பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்திருக்கேன். இப்ப வீட்டுக்குப் போய்த் தூங்கலாமா?"





"அங்க ஏதாவது அலாரம் அடிக்குதா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்ல மேடம்."

"சேரை மடக்கி வெச்சுட்டு, இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க."

சேர் மடங்கும் சத்தம் கேட்டது. அவர் நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"ஒண்ணும் இல்ல மேடம்."

"அப்ப போய்த் தூங்குங்க," என்றாள் தாலாட்டு அக்கா.