விஜயனின் பன்னிரண்டு வருடப் படிப்பு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் விஜயனுக்குப் படிப்பின் மேல் இருந்த காதலை என்னவென்று சொல்வது! 1974இல் ஒரு கல்வி நிதியில் கடன் வாங்கிப் பல்கலைக்கழகம் போனார்; 1977இல் பட்டம் வாங்கினார். மற்றவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். விஜயன் கடன் பத்திரத்தின் பின்பக்கத்தைத் திருப்பினார். படிப்பு முடிந்த ஆறாம் மாதத்திலிருந்து மாதம் நூற்றிருபது மலேசிய வெள்ளி கட்டவேண்டும். ஆனால் மேலும் படித்துக்கொண்டிருந்தால், எண்பது விழுக்காடு வருகை உண்டென்று கல்லூரி வருடா வருடம் கடிதம் கொடுத்தால், கட்டவேண்டாம். மூன்று வருடத்தில் அவர் மனமூன்றிப் படித்த பக்கம் அது ஒன்றுதான்.

அப்புறமென்ன, பகலில் போர்ட் கிள்ளான் கிடங்கில் குமாஸ்தா வேலை, மாலையில் கல்வி. தட்டச்சு, ஜப்பானிய மொழி, ஐஸ்பெட்டி பழுதுபார்த்தல். கணக்குப்பதிவு மட்டும் மூன்று தடவை. உட்கார்ந்து உட்கார்ந்து அவர் உருவத்துக்கே வளைந்துபோன நாற்காலியை, கல்லூரி மாறியபோது பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனாராம். நான் பார்க்கவில்லை, ஆனாலும் நம்புகிறேன்.

இந்தக் கல்வித் தாகத்துக்குக் காவல், சிவசம்பு. யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே கிளார்க், விஜயனின் அப்பா கேட்டுக்கொண்டதற்காக இந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட புண்ணியவான். விஜயன் கட்டாவிட்டால் இவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் மாலை ஆறு மணிக்கு வகுப்பு வாசலில் குடையோடு நிற்பார்.

"தம்பி, நேற்று ஏன் வரேல்லை?"

"மழை அங்கிள். பஸ் லேட்லா."

"குடையோட ஒரு கிழவன் வந்து நிக்கிறன். நீர் மழையைச் சாட்டுறீர்."

1986 தொடக்கத்தில் கணக்குப்பதிவு ஆசிரியர் ஜொகூருக்குப் போய்விட்டார். கல்லூரி நடத்திய சந்திரகலா வகுப்பை மூடப் போவதாகச் சொன்னார். வகுப்பு இல்லையென்றால் வருகை இல்லை. வருகை இல்லையென்றால் கடிதம் இல்லை. விஜயன் சந்திரகலாவின் மேசை முன்னால் போய் நின்றார்.

"மூடாதீங்க மேடம். நானே நடத்தறேன். காசு வேணாம்."

"மூணு தடவை படிச்சவரு. உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு?" என்றார் சந்திரகலா. காசு வேண்டாம் என்பவரிடம் அவர் தகுதி பார்ப்பதில்லை.

வருடம் முழுக்க விஜயன் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அடுத்த ஜனவரியில், ஒட்டிய உறையில் கடிதத்தை வாங்கிக்கொண்டு கடன் அலுவலகம் போனார். சிவசம்புவும் கூடவே போனார். அதிகாரி பிரித்துப் படித்தார்.

"நூறு விழுக்காடு வருகை. பலே. 'பாடம் நடத்துபவரே இவர்தான்' அப்படின்னு மேடம் பாராட்டி வேற எழுதியிருக்காங்க."

"அது சும்மா ஒரு ஹெல்ப்பு, பாஸ்."

"பாடம் நடத்தறவரு ஸ்டூடண்ட் இல்லலா. அடுத்த மாசத்திலேருந்து கட்டுங்க."

"வேற கிளாஸ்ல சேர்ந்துட்டா?"

"தாராளமா சேருங்க. ஆனா படிப்பு ஒரு தடவை விட்டுப்போச்சுன்னா, அப்புறம் கட்டித்தான் ஆகணும். இதுல கையெழுத்துப் போடுங்க, உங்க சம்பளத்திலேருந்தே பிடிச்சுக்கறோம்."

சிவசம்பு தன் பேனாவைத் திறந்து நீட்டினார். "கையெழுத்தைப் போடும் தம்பி. நாளையிலயிருந்து ஆறு மணிக்கு நான் வீட்டில தேத்தண்ணி குடிக்கப் போறன்."

போட்டுவிட்டு, விஜயன் நேரே சந்திரகலாவிடம் போனார்.

"மேடம், இனிமே சம்பளம் வேணும். மாசம் நூத்தி இருபது."

சந்திரகலா வருகைப் பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தார். "நூறு தரேன். வராத நாளுக்குப் பிடிச்சுக்குவேன்."