சத்தம் உள்ளதாக ஒன்று

ஜோதிமணிக்கு ஓசையில்லாமல் வாழத் தெரியும். கௌதள்ளி கிராமத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்த புதிதிலேயே அதைக் கற்றுக்கொண்டாள். கணவர் சென்னிமலைக்கு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை. பெரும்பாலும் இரவு ஷிஃப்டு. ஊரே எழுந்து புழங்கும் நேரத்தில் அவர் தூங்கியாக வேண்டும். விசில் அடிக்கும் என்று குக்கரை எடுக்கவேமாட்டாள்; பாத்திரத்தில் சோறு வடிப்பாள். அழைப்புமணியின் ஒயரைக் கழற்றிவிட்டாள். காய்காரர் அந்த வீட்டைத் தாண்டிய பிறகுதான் குரல் கொடுப்பார். பக்கத்து வீட்டு நஞ்சுண்டசாமி ரேடியோவைத் திருகுமுன் இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

மகள் வினிதாவையும் அப்படித்தான் வளர்த்தாள். அந்த வீட்டில் குழந்தை சிரித்தாலும் மெதுவாகத்தான், அழுதாலும் மெதுவாகத்தான். அம்மா உதட்டின்மேல் விரல் வைத்தால் பாதி விம்மலில் அழுகையை விழுங்கிவிடும்.

போன வருடம் ஒரு நாள் சென்னிமலை ஷிஃப்டு முடிந்து வந்தார். காபி குடித்தார், படுத்தார். வினிதா முன்னறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் தாண்டியும் அவர் எழவில்லை.

"ராத்திரி ஏதோ மெஷின் நின்னுபோச்சாம். அசதி. தூங்கட்டும்," என்று ஜோதிமணி கதவை இன்னும் கொஞ்சம் நெருக்கிச் சாத்தினாள். மகள் ஃபோனில் குரலை உயர்த்தியபோது கையைக் காட்டி அடக்கினாள். விளக்கு வைக்கும் நேரத்தில் கதவைத் திறந்து தொட்டால், உடம்பு சில்லென்றிருந்தது. உயிர் காலையிலேயே போயிருக்கும், இதயம் நின்றிருக்கிறது என்றார் வந்து பார்த்த டாக்டர். அத்தனை நேரமும் தாயும் மகளும் இறந்தவரின் தூக்கம் கலையாமல் காவல் இருந்திருக்கிறார்கள்.

அதிலிருந்து ஜோதிமணிக்கு அமைதி என்றாலே பயம். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துவிட்டாள். வினிதா சோஃபாவில் சாய்ந்து கண்மூடினால் மூக்கருகே விரலை நீட்டிப் பார்ப்பாள். மூச்சு பட்டதும் விரலை இழுத்துக்கொண்டு, எதற்கோ வந்தவள்போலத் திரும்பிப் போவாள்.

இந்த நிலைமையில்தான் வினிதாவின் கம்பெனியில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. அவளுக்கு ரத்த அழுத்தம் கூடியிருந்தது. அப்பாவுக்கும் அந்த வயதில் அப்படித்தான் தொடங்கியது. டாக்டர் இதயத்தைச் சோதித்துவிட்டு, இப்போதைக்குக் கோளாறு இல்லை, ஆனால் உட்கார்ந்தே இருந்தால் வரும் என்றார். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அடிபட்ட முழங்காலோடு ஓடக்கூடாது; ரோயிங் மெஷின் நல்லது என்றும் சொன்னார். உட்கார்ந்தபடி காலால் உந்தி, கைப்பிடியை வயிறுவரை இழுப்பது. தண்ணீர் இல்லாமல் படகு வலிப்பது.

வினிதா தொழிற்சாலை இயந்திரங்களுக்குத் தானியங்கிக் கட்டுப்பாடு அமைக்கிற பொறியாளர். வீட்டுக்கு வரும் இயந்திரத்தையும் அப்படித்தான் ஆராய்ந்தாள். காற்றை எதிர்த்து இழுப்பது ஒன்று, தொட்டித் தண்ணீரை எதிர்த்து இழுப்பது ஒன்று, காந்தத்தை எதிர்த்து இழுப்பது ஒன்று. காந்தம் என்று முடிவு செய்தாள்.

"அதுல சத்தமே இருக்காதும்மா. உனக்குத் தொந்தரவே இல்ல. கதவைச் சாத்திக்கிட்டா நான் உள்ள பண்றதே உனக்குத் தெரியாது."

ஜோதிமணி பீன்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். தெரியாது. அந்தச் சொல் மட்டும் காதில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். கடை முதல் மாடியில். கீழே மருந்துக்கடை, எதிரே பஸ் நிறுத்தம். கடைக்காரர் பசவராஜ் கன்னடம் பாதி, தமிழ் பாதியாகப் பேசினார்.

"நமஸ்காரா அம்மா, வாங்க. மெஷின் யாருக்கு, உங்களுக்கா?"

"எனக்கெதுக்குங்க? எனக்குத்தான் வூட்டு வேலை கெடக்குதே. புள்ளைக்குங்க."

அவர் காந்த இயந்திரத்தைக் காட்டினார். "இது தும்ப நல்லா இருக்கு. பக்கத்துல கொழந்தை தூங்கினாலும் எழுந்துக்காது, நோடி, பாருங்க."

வினிதா உட்கார்ந்து பாதங்களை வாரில் பூட்டினாள். கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு ஃபோனை அம்மாவிடம் நீட்டினாள். "இதுல தெரியறது என் நாடித்துடிப்பு. பாத்துக்கிட்டே இரு. உன் பயம் போயிடும்."

இழுத்தாள். இருக்கை தண்டவாளத்தின்மேல் முன்னும் பின்னும் போனது. சத்தமே இல்லை. ஃபோனில் எண் மட்டும் ஏறியது. நூறைத் தாண்டியது.  இன்னும் ஏறியது.

"போதும் சாமி. எறங்கு."

"ஏறணும்மா. அதுக்குத்தானே இது."

"உங்கப்பாருக்கும் ஏறித்தான் நின்னிருக்கும்."

வினிதா கைப்பிடியை மெல்ல விட்டாள். 

"இந்தக் கடிகாரத்துல ஒரு நாளு சார்ஜ் இல்லையின்னா?" என்றாள் ஜோதிமணி. "அன்னிக்கு எனக்கு யாரு சொல்லுவா?"

மகள் கைப்பிடியை எடுத்து மறுபடியும் இழுக்கத் தொடங்கினாள்.

அப்போது வேறு யாரோ கடைக்குள் வந்தார்கள். அவர்களுக்கு எதையோ காட்டப்போன பசவராஜ் குறுக்கே வந்து நின்றார். நல்ல ஆகிருதி. அவருக்குப் பின்னால் மகள் மறைந்துபோனாள். ஜோதிமணி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் சாத்திவைத்த அந்தக் கதவுக்கு முன் நிற்பதுபோல இருந்தது. 

"கொஞ்சம் ஒத்துங்க," என்று அவர் தோளைத் தொட்டே நகர்த்தினாள். வினிதா முகம் சிவக்க இழுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜோதிமணி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். பசவராஜிடம் திரும்பினாள். "சத்தம் உள்ளதா ஒண்ணு இருக்குதுங்களா?"

"சத்தம் இல்லாததுதானேம்மா இது?"

"உள்ளது வேணுங்."

அவர் வினிதாவைப் பார்த்தார். வினிதா அம்மாவைப் பார்த்தாள். மூலையில் ஓர் இயந்திரம் உறை போட்டு நின்றது. அதன் முகப்பில் கம்பிக் கூண்டுக்குள் பெரிய விசிறிச் சக்கரம்.

"அது ஜிம்முக்கு வெக்கறதும்மா. வீட்டுக்கு பேடா, வேணாம். அக்கம்பக்கத்துல சண்டைக்கு வருவாங்க. நானே சொல்றேன், வாங்காதீங்க."

"அம்மா, அதை ஓட்டினா டிவிகூடக் கேக்காது," என்றாள் வினிதா.

"டிவி எதுக்கு? உக்காரு."

வினிதா உட்கார்ந்து இழுத்தாள். லாரியின் காற்று பிரேக் சீறுவதுபோல ஒரு சீறல் எழுந்தது. அடங்குவதற்குள் இன்னொன்று. ஜோதிமணி திரும்பி நடந்தாள். டிரெட்மில் வரிசையைத் தாண்டினாள். படியிறங்கினாள். மருந்துக்கடை வாசலில் நின்று கேட்டாள். கேட்டது. சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். அங்கேயும், மெலிதாக, ஒரு சீறல், ஓர் இடைவெளி, ஒரு சீறல்.

நகரப் பேருந்து ஒன்று வந்து முன்னால் நின்று உறுமியது. எல்லாம் அதில் மூழ்கிப்போனது. ஏறவில்லையா என்று கண்டக்டர் கன்னடத்தில் கேட்டார்.  அவள் மாடி ஜன்னலையே பார்த்தாள். போய்த்தொலையேன், போய்த்தொலையேன் என்று பேருந்தை மனத்துக்குள் கெஞ்சினாள். அது நகர்ந்தது. சீறல் இருந்தது. 

மேலே வந்தபோது வினிதாவின் சட்டை நனைந்திருந்தது. "எங்கம்மா போனே?"

"ரோட்டுக்கு. கேக்குது. இதையே வாங்கிக்கலாம் கண்ணு."

வினிதா அவளையே பார்த்தாள். பிறகு, வீட்டு அறையின் நீளம் போதுமா என்று மட்டும் பசவராஜிடம் கேட்டாள்.

இயந்திரம் வந்து சேர்ந்தது. அப்பா படுத்திருந்த அறைதான் அதற்குப் போதுமான நீளம். முதல் சில காலைகள் போனதும் நஞ்சுண்டசாமி வாசலுக்கு வந்தார். அவருக்கு நல்ல தமிழ் வரும்.

"ஏனம்மா, இத்தனை வருஷம் என் ரேடியோவை அமுக்கினீங்க. இப்ப விடியறதுக்குள்ள வீட்டுக்குள்ள லாரி ஓட்டறீங்களே?"

"என்ற புள்ள மூச்சு விடற சத்தமுங் அது," என்றாள் ஜோதிமணி. "கொஞ்சம் பொறுத்துக்கோங்."

அவர் முன்னறைச் சுவரில் மாட்டியிருந்த சென்னிமலையின் படத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் முதல் அவர் வீட்டு ரேடியோ உரக்கப் பாடியது. சீறல் அதற்கு மேலாகவும் கேட்டதால் ஜோதிமணிக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் சத்தம் என்றால் அது நிற்கவும் செய்யும். அதை அவள் கடையில் யோசிக்கவில்லை. வினிதா தண்ணீர் குடிக்க நிறுத்துவாள். அடுப்படியில் கரண்டியைப் போட்டுவிட்டு இவள் ஓடுவாள். "தண்ணி குடிக்கிறேம்மா" என்று சொல்ல அவளுக்கு மூச்சு மிச்சமிருக்காது. சலித்துப்போய் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர். நிறுத்தினால் டம்ளரை இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் ஒரு தட்டு தட்டவேண்டும். டங். அது கேட்டால் ஜோதிமணி தோசையைத் திருப்புவாள்.

கடைசிச் சீறலுக்கும் அந்த டங்குக்கும் நடுவில் விசிறி தானாகச் சுற்றி மெல்ல மெல்ல அடங்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் தினமும் ஒருமுறை அவள் விதவையானாள். தினமும் ஒருமுறை பிள்ளையைப் பறிகொடுத்துத் திரும்பப் பெற்றாள்.

ஒரு காலை, விசிறி அடங்கியது. டம்ளர் கேட்கவில்லை.

தோசை கருகியது. அவள் நகரவில்லை. இன்னும் கேட்கவில்லை.  சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், சாத்தாமல் வைத்திருந்த கதவைத் தள்ளினாள்.

வினிதா இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். துண்டை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. ஒரு சத்தம் இல்லை. சின்ன வயதில் பழக்கியபடியே, பிசகாமல்.

ஜோதிமணி தரையில் சரிந்து உட்கார்ந்தாள். கைநீட்டி மகளின் பாதத்தைப் பற்றினாள். சூடாக இருந்தது.

"அன்னிக்கு நான் ஃபோன்ல கத்தியிருந்தா," என்றாள் வினிதா, துண்டுக்குள்ளிருந்து. "அப்பா எந்திரிக்கலையேன்னாவது பாத்திருப்போம்."

ஜோதிமணியின் விரல் பழக்கத்தில் உதட்டை நோக்கிப் பாதிவழி போய்விட்டது. அதைக் கீழே இறக்கினாள். மகளின் கையிலிருந்து துண்டை உருவி எடுத்தாள்.

"அழுவறதுன்னா சத்தமா அழுவு சாமி. உள்ளுக்குள்ள வெச்சுக்காத. எனக்குக் கேக்கோணும்."

வினிதா அழுதாள். முதலில் பழகாத குரலாக, பிறகு பெரிதாக. பக்கத்து வீட்டில் ரேடியோ நின்றது. ஜோதிமணி பாதத்தை விடாமல், அந்தச் சத்தம் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அழுகை ஓய்ந்ததும் வினிதா மூக்கைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியை எடுத்தாள். ஜோதிமணி எழுந்து வாசற்படிவரை போனாள். அடுப்படிக்குப் போகவில்லை. முதல் சீறல் எழும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.